வாயால் சொல்ல முடியாத கடிதம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த உதவியாளர்களுக்கு அரை நாள் வகுப்பு எடுக்க வேண்டுமாம். கடிதம் எழுதுவது எப்படி என்பது தலைப்பு. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆன பிறகு நான் எதற்கு என்று கேட்டேன். "உங்க காலத்துல புகார் கம்மி மேடம்" என்றார் பேசியவர். பொய். என் காலத்தில் புகார் அதிகம். எங்கள் பதில் ஆட்களுக்குப் புரிந்தது, அதனால் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். புரியாத பதில் வந்தால் யாரும் சண்டை போடுவதில்லை, வீட்டில் உட்கார்ந்து அழுவார்கள்.

போனேன். இப்போது பதிலை யாரும் எழுதுவதே இல்லை. கணினியில் ஒரு பட்டியல் திறக்கிறது, ஒன்றைத் தொட்டால் கடிதம் தயார். அதில் பதினொரு வகை மறுப்பு இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினொன்றிலும் காரணம் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கணினியை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, அதில் மனுக் கொடுத்தவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படியுங்கள் என்றேன். ஒவ்வொருவராக எழுந்து திணறினார்கள்.

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். அவள்தான் கேட்டாள்: "மேம், நாங்க ரைட்டிங் கிளாஸுக்குத்தானே வந்தோம். ஸ்பீச் எதுக்கு? பேசறது வேற, எழுதறது வேற இல்லையா? எழுத்துன்னா கொஞ்சம் ஃபார்மலா இருக்கணும்ல?"

"பேச வராதவளுக்கு எழுத வராது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வந்தேன். அது பதில் இல்லை என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். ஊர் விருதுநகர் பக்கம். பேச்சு பெயரில் மட்டும்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை மேடை ஏறினேன். இரண்டு வரி வரவேற்புரை. ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கிவிட்டேன். தேர்வு எழுதி டெல்லியில் குமாஸ்தா வேலை கிடைத்தபோது எனக்குப் பெரிய ஆறுதல், இனி காகிதத்தோடுதான் வேலை, யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டாம் என்பதுதான்.

மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்றும் சொல்லாமல் ஒரு பக்கத்தை எப்படி நிரப்புவது என்று அங்கே கற்றுக்கொண்டேன். பிறகு எட்டு வருடம் அதைத்தான் செய்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

உதவியாளராகப் பதவி உயர்ந்து வந்த இடம், அரசுக் குடியிருப்புகளை ஒதுக்கும் அலுவலகம். யாருக்கு மோதி பாகில் வீடு, யாருக்குக் கிட்வாய் நகரில், எந்த மாடி, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் கோப்புகளில்தான் முடிவாகும். வீடு மாற்றிக் கேட்டு வரும் மனுக்களுக்கு என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: 'தங்கள் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, தகுதியுள்ள அதிகாரியால் அது ஏற்கப்படவில்லை எனத் தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளேன்.' ஆங்கிலத்தில் அது இன்னும் கம்பீரமாக இருக்கும். தட்டச்சு செய்து தள்ளுவேன். என் எழுத்து நன்றாக இருப்பதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே வந்த இரண்டாம் வருடத்தில்தான், அரசு ஊழியர் வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. வெங்கடேசன் என்று ஒருவர், வேறொரு துறையில் குமாஸ்தா. கிட்வாய் நகரில் மூன்றாம் மாடி வீடு. மனைவிக்கு உடம்பு சரியில்லை, கீழ்த்தளம் வேண்டும் என்று மூன்று தடவை கேட்டிருந்தார். மூன்று தடவையும் நாங்கள் மறுத்திருந்தோம். அவர் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டார். எட்டு வாரத்துக்குள் அவருக்கு ஒரு 'ஸ்பீக்கிங் ஆர்டர்' கொடுங்கள் என்று எங்களுக்கு உத்தரவு.

அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காரணங்களை விளக்கிச் சொல்லும் ஆணை என்று அதற்கு அர்த்தம். காரணம் இல்லாத ஆணை ஊமை, காரணம் இருந்தால் அது பேசும். எனக்கு அது தெரியாது. யாரிடமும் கேட்கவும் கூச்சம். ஸ்பீக்கிங் என்றால் பேசுவது, ஆகவே ஆணையை ஆளைக் கூப்பிட்டு வாயால் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்தேன். 'ஆணையைக் கேட்டுக்கொள்ள வரும் புதன்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வரவும்' என்று வெங்கடேசனுக்குக் கடிதம் எழுதி அனுப்பியும் விட்டேன்.

புதன்கிழமை அவர் வந்து நின்றார். மெலிந்த ஆள், கையில் துணிப்பை. "ஆர்டரைப் பேசறீங்கன்னு லெட்டர் வந்துது" என்றார். பிரிவில் இருந்தவர்கள் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு. பக்கத்துப் பிரிவிலிருந்தெல்லாம் வந்து சிரித்தார்கள். "மத்ராஸில் கோப்புகள் பேசுமா மேடம்ஜி?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு முகம் எரிந்தது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து நேகி வந்தார். அவர் எங்கள் உதவி இயக்குநர். மலைப் பக்கத்து மனிதர், கட்டையான உருவம், என்னைவிடக் கோபக்காரர். கடிதத்தைப் படித்தார். சிரிக்கவில்லை. வெங்கடேசனைப் பார்த்து, "லீவு போட்டுட்டு வந்தீங்களா?" என்று இந்தியில் கேட்டார். அரை நாள் லீவு என்றார் அவர். நேகி என் பக்கம் திரும்பினார். "லீவு போட்டு வந்திருக்கார். கூப்பிட்டது நீ. பேசு."

தன் அறைக்குக் கூட்டிப்போய் வெங்கடேசனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே நான். தமிழில் பேசினால், ஊர்க்காரனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று சொல்வார்கள் என்ற பயம் எனக்கு. மூன்றாவது மறுப்புக் கடிதத்தை எடுத்து இந்தியில் சொல்லிப் பார்த்தேன். அவர் முழித்தார். அவருக்கு இந்தி அரைகுறை, எனக்கும் அப்படித்தான். "தமிழ்ல சொல்லு, நேரத்தை வீணாக்காதே" என்றார் நேகி.

"உங்க கோரிக்கையைக் கவனமாப் பரிசீலிச்சோம் சார். தகுதியுள்ள அதிகாரி அதை ஏத்துக்கலை" என்றேன்.

"யாரு மேடம் அந்த அதிகாரி?"

நான் நேகியைப் பார்த்தேன். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஏத்துக்கலையாம்?" என்றார் வெங்கடேசன்.

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். கீழே முதலெழுத்துப் போட்டது நான். காரணம் எனக்குத் தெரியாது. முந்தைய கடிதத்தைப் பார்த்து எழுதினேன். அந்தக் கடிதத்தை எழுதியவர் அதற்கு முந்தையதைப் பார்த்து எழுதியிருப்பார். காகிதத்தில் எழுதும்போது 'ஏன்' என்று கேட்க எதிரில் ஆள் இல்லை, அதனால் ஏன் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவரே மேலே பேசினார். சத்தம் போடவில்லை. "பதினாலு மாசம் ஆச்சு மேடம். கமலாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார வச்சு, நானும் எதிர்வீட்டு சர்தார்ஜியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டு மூணு மாடி எறங்குவோம். ஒவ்வொரு படிக்கும் அவ கண்ணை இறுக மூடிக்குவா. ஒருதடவை சர்தார்ஜிக்குக் கால் சறுக்கிடுச்சு. அதுலேருந்து அவ கீழ எறங்கவே மாட்டேங்குறா. டாக்டர்கிட்டயும் போறதில்லை. எனக்கு வீடு பெருசா வேணாம். தரையோட இருந்தா போதும்."

அதை எனக்குத் தெரிந்த இந்தியில் நேகிக்குச் சொன்னேன். அவர் பழத்தை வைத்துவிட்டு, "கோப்பைக் கொண்டு வா" என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினோம். ஒரு மணி நேரம் ஆனது. முதல் மனுவின் ஓரத்தில், யாரோ பென்சிலில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'சான்றிதழில் படி ஏற இயலாது என்று இல்லை.'

அவ்வளவுதான். டாக்டர் சான்றிதழில் நோயைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார். நோயாளியால் படி ஏற முடியாது என்ற ஒரு வரியை எழுதவில்லை. விதிப்படி அந்த வரி வேண்டும், அதுவும் அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு எழுத வேண்டும். வெங்கடேசனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் அதே சான்றிதழைப் புதிதாக நகலெடுத்து வைத்தார். நாங்கள் ஒவ்வொரு தடவையும் கவனமாகப் பரிசீலித்தோம்.

அதை அவரிடம் சொன்னேன். தமிழில், நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அவர் போன பிறகு நேகி சொன்னார்: "இப்போ அவர்கிட்டே என்ன சொன்னியோ அதையே எழுது. ஒரு சொல்லும் கூடக் கூடாது."

நேகியை மகான் என்று யாரும் நினைக்க வேண்டாம். புதன்கிழமைதோறும் மனுதாரர்களை மண்டபத்தில் சந்தித்துப் பதில் சொல்வது உண்மையில் அவருடைய வேலை. அவருக்குக் கூட்டத்தைக் கண்டால் பிடிக்காது. அடுத்த புதன்கிழமை முதல் அதை என் தலையில் கட்டிவிட்டார். "ஆணையைப் பேசுறவ நீதானே, போ" என்றார். எனக்கு முந்தின நாளே காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு போனேன்.

அறுபது எழுபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் ஓய்வு பெறும் வயது, காது மந்தம். மைக் கிரீச்சிட்டது. எழுதி வைத்திருந்த பதிலைத் தலை நிமிராமல் படித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "மேடம்ஜி, கிடைச்சுதா கிடைக்கலையா, அதை முதல்ல சொல்லு." எல்லோரும் சிரித்தார்கள். நான் மூன்றாவது பத்தியில் வைத்திருந்த செய்தி அது. முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் ஒளித்து வைப்பது எழுத்தில் மரியாதை. மைக் முன்னால் அது திருட்டுத்தனமாகத் தெரிந்தது.

ஐந்தாறு வாரம் அப்படி அடி வாங்கினேன். ஒரே மூச்சில் சொல்ல முடியாத வாக்கியத்தைக் கேட்கிறவர்களும் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தது. பிரிவு எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் அடுக்கினால் ஆட்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். அவர்கள் கண் எந்த இடத்தில் விலகியதோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்து, மேஜையில் உட்கார்ந்து அந்த வரியை அடிப்பேன். என் கடிதங்கள் பாதியாகச் சுருங்கின. பயம் மட்டும் போகவில்லை, கடைசி வரை போகவில்லை. ஆனால் பயத்தோடு பேசலாம், ஒன்றும் ஆகாது.

கடிதம் வெளியே போவதற்கு முன் நேகி அறையில் ஒரு ஒத்திகை நடக்கும். அவர் வரைவைக் கண்ணால் படிக்க மாட்டார். "படி" என்பார். எதிர் நாற்காலியில் மனுதாரராக உட்காருவது எங்கள் பியூன் பசந்த் லால். முப்பது வருடமாக அந்த வராந்தாவில் மனுதாரர்களைப் பார்த்தவர். உட்கார்ந்ததும் ஆளே மாறிவிடுவார். ஒரு நாள் இருமுவார், ஒரு நாள் மந்திரியைத் தெரியும் என்று மிரட்டுவார், ஒரு நாள் உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்பது எப்போதும் இரண்டே கேள்விதான். முதலில் "க்யோன்?", அதாவது ஏன். அப்புறம் "தோ மைன் க்யா கரூன்?", அப்படியானால் நான் என்ன செய்யட்டும். இரண்டுக்கும் கடிதத்திலேயே பதில் இல்லையென்றால் நேகி கையைத் தூக்குவார். எந்தச் சொல் இடறுகிறது என்று சொல்ல மாட்டார், நானே கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு தடவை கை தூக்கினால் வெளியே போய்விட வேண்டியது. நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் வழக்கமும் கிடையாது. கையெழுத்துப் போடப் பேனா மூடியைக் கழற்றுவார், அதுதான் பாராட்டு.

வெங்கடேசனின் ஆணைக்கு அவர் ஏழு நாள் கை தூக்கினார். எட்டாம் நாள் மூடியைக் கழற்றினார். ஆனால் கடைசிக் கையெழுத்து இயக்குநருடையது. எட்டு வாரக் கெடுவில் ஒன்பது நாள்தான் மிச்சம்.

இயக்குநர் என் வரைவைப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் கூப்பிட்டார். "இது என்ன, கடைத்தெரு பேச்சு மாதிரி இருக்கு? ஒரு ஆணைக்கு ஒரு தரம் வேண்டாமா?" என்றார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். 'முந்தைய மூன்று பதில்களிலும் இந்தக் காரணம் உங்களுக்குச் சொல்லப்படவில்லை, அதற்கு வருந்துகிறோம்.'

"இதை எடுத்துடு. நம்ம தப்பை நாமே எழுதிக் கொடுக்கணுமா?"

நேகி உதவுவார் என்று நினைத்தேன், அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அந்த ஆளுக்கு மேலதிகாரியைக் கண்டாலும் பயம் என்று அன்றுதான் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கும் பெண் எனக்கு நினைவுக்கு வந்தாள்.

"சார், நான் ஒருதடவை படிக்கிறேன். நீங்க அவரா இருந்து கேளுங்க" என்றேன்.

அந்த வரியை விட்டுவிட்டுப் படித்தேன். படி ஏற இயலாது என்று மருத்துவக் குழு எழுத வேண்டும், அந்தச் சான்றிதழ் வந்த நாளிலிருந்து உங்கள் பெயர் மருத்துவ முன்னுரிமைப் பட்டியலில் சேரும் என்று முடித்தேன். இயக்குநர் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னை அறியாமல் கேட்டுவிட்டார்: "அப்போ இவ்வளவு நாள் ஏன் அதைச் சொல்லலை?"

கேட்டது அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். தீர்ப்பாயமும் அதைத்தான் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். பேனாவை எடுத்து 'அதற்கு வருந்துகிறோம்' என்பதை மட்டும் அடித்தார். மற்றதை அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டார். வருத்தம் போனால் போகட்டும் என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். காரணம் நின்றதே, அது போதும். வராந்தாவில் நேகி, "நல்லா படிச்சே" என்றார். என் வேலைக்காலத்தில் அவர் வாயால் சொன்ன பாராட்டு அது ஒன்றுதான். "நீங்க நல்லா காலண்டர் பார்த்தீங்க சார்" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கமலாவை அந்த நாற்காலியில் இன்னும் ஒரு தடவை தூக்கி இறக்கி மருத்துவக் குழு முன்னால் கொண்டு போனார்கள். முதலில் அவர் வர மறுத்தாராம். கடிதத்தை வெங்கடேசன் தமிழில் சொல்லிக் காட்டினாராம். என்ன செய்ய வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்ததால் ஒப்புக்கொண்டாராம். இது பின்னால் கேள்விப்பட்டது. சான்றிதழ் வந்தது, அந்த ஒரு வரியோடு. லக்ஷ்மிபாய் நகரில் கீழ்த்தளம் ஒன்று காலியாக, ஒதுக்கீட்டு ஆணை போனது. போனது என்பதோடு எங்களுக்கு வேலை முடிந்துவிடும். குடி போனார்களா, அந்த அம்மாள் இருக்கிறாரா என்பதெல்லாம் கோப்பில் வராது. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, மண்டபத்து வரிசையில் வெங்கடேசன் நின்றார். கையில் ஒரு காகிதம். வீட்டைப் பிடுங்கிவிட்டார்களா, பெயரில் தப்பா, என்ன வந்தது என்று எழுந்தே போய்விட்டேன்.

"புகார் மேடம்" என்றார். முகம் தெளிவாக இருந்தது.

வாங்கிப் படித்தேன். தமிழில் நாலு வரி, கீழே கமலாவின் பெயர். 'பையன்கள் அடிக்கும் பந்து எங்கள் வாசலுக்கு வருகிறது. நான் தினமும் சாயங்காலம் வாசலில் உட்காருகிறேன். சட்டென்று ஒதுங்க எனக்கு முடியாது. கம்பி வலை வேண்டும்.'

இரண்டாவது வரியைத் திரும்பப் படித்தேன். தினமும் சாயங்காலம் வாசலில். அப்போதுதான் எனக்கு மூச்சு முழுதாக வந்தது. ஒரு புகாரைப் படித்து அவ்வளவு நிம்மதி அடைந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"நான் ரெண்டு பக்கம் எழுதி வச்சிருந்தேன் மேடம், மேன்மை பொருந்தியன்னு ஆரம்பிச்சு" என்றார் வெங்கடேசன். "கமலா கிழிக்கச் சொல்லிட்டா. தானே சொல்லச் சொல்ல என்னை எழுத வச்சா. ஒரு வார்த்தை வாயிலேருந்து வர அவளுக்கு அரை நிமிஷம் ஆவுது. வேண்டாத வார்த்தையை அவ எடுக்கறதே இல்லை."

கூட்டம் முடிந்து நேகி அறைக்குப் போனேன். பசந்த் லாலைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை நாற்காலியை மாற்றிப் போட்டோம், அவர் அதிகாரி, நான் மனுதாரர். நாலு வரியையும் இந்தியில் மெதுவாகச் சொன்னேன். பசந்த் லால் கேள்வி கேட்க வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். நேகியைப் பார்த்தார். நேகி பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இதுல நான் என்னத்தைக் கேக்கறது மேடம்ஜி" என்று எழுந்தார் பசந்த் லால். "வலையைப் போடச் சொல்லுங்க. நான் போய் டீ கொண்டு வரேன்."